தூங்கத் தெரிந்த இஞ்சி

பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது சைட்டில் மூன்று மாடி எழுப்பியவருக்குத் தோட்டம் என்று மிஞ்சுவது, சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்து. வெயில் காலையில் சற்று நேரம் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். ரோஜா அங்கே முகம் கொடுக்காது. செம்பருத்தி இலையாகவே காலம் தள்ளும். மர நிழலில் வளர்ந்து பழகிய பூ இஞ்சிகளுக்கோ அதுவே போதும். இதுவரை நர்சரிக்காரர் சொல்வது சரி. அடுத்து அவர் கையில் திணிக்கும் சிவப்பு இஞ்சியைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். நட்சத்திர ஹோட்டல் வரவேற்பறையில் மினுமினுக்கும் அதே பசிபிக் தீவுச் செடி. சிவப்பாகத் தெரிவது பூவே அல்ல, வெறும் மடல். நிஜப் பூ அதன் இடுக்கில் ஒளிந்திருக்கும் வெள்ளைத் துளி. ஆண்டு முழுக்க ஈரமும் கதகதப்பும் கேட்கிற ஜீவன் அது. 900 மீட்டர் உயரத்தில், ஜனவரி இரவில் 15 டிகிரிக்கு இறங்கும் ஊரில் சுணங்கும். மார்ச்சில் தண்ணீர் கேட்கும். 2024 மார்ச்சில் பெங்களூர்க் குடிநீர் வாரியம், குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. ஒரு மடலுக்கு அவ்வளவு தரலாமா?

ஆகவே என் ஓட்டு, தூங்கத் தெரிந்த இஞ்சிகளுக்கு. சியாம் டுலிப் என்று விற்கும் தாய்லாந்து மஞ்சள்கிழங்கு இனம் மழையோடு எழுந்து பூக்கும், குளிர் வந்ததும் இலையை உதிர்த்துக் கிழங்காகப் படுத்துவிடும். லால்பாக் மலர்க் கண்காட்சிக் கணக்கில் சொன்னால், சுதந்திர தினத்துக்கு ஆஜர், குடியரசு தினத்துக்கு லீவு. மாலையில் தெருவையே மணக்க வைக்கும் வெள்ளை ஹெடிகியம் இஞ்சிக்கும் ஏறக்குறைய இதே குணம். நம் இமயமலை அடிவாரத்துப் பிள்ளை, கியூபாவில் போய்த் தேசிய மலராகிவிட்டது.

“டீயில் தட்டிப்போட உதவாத இஞ்சி எதற்கு?” என்பார்கள். மல்லிகையை எந்தக் குழம்பில் போடுகிறோம்? தின்றே தீருவேன் என்பவருக்கு டார்ச் இஞ்சி உண்டு. மலேசியாவில் அதன் மொட்டை நறுக்கி லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பில் போடுகிறார்கள். ஆனால் அது பதினைந்து அடி வளரும். மாடி வீட்டார் ஜன்னல் வழியாகவே அறுவடை செய்துகொள்வார்கள். “நாலு மாதம் வெறும் மண்ணையா பார்ப்பது?” என்பது இதைவிட நியாயமான கேள்வி. பார்க்கத்தான் வேண்டும். தொட்டியில் ஒரு குச்சி நட்டுப் பெயரும் எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் பிப்ரவரியில் யாராவது புண்ணியவான் காலித் தொட்டி என்று வெந்தயம் விதைத்து இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுவார். உள்ளே கிழங்கு அழுகும், மேலே கீரை செழிக்கும், சாம்பாரும் நன்றாகவே இருந்து தொலைக்கும்.