இரண்டு பக்கமும் இரண்டு

சென்னைப் புறநகரின் வீட்டு புரோக்கரை அடையாளம் காண விசிட்டிங் கார்டு தேவையில்லை. சட்டைப் பை போதும். நாலாக மடித்த வில்லங்கச் சான்று நகல், யாரோ ஒருவர் வீட்டுச் சாவி, இன்னொருவர் வீட்டு ஈபி கார்டு, மூடி தொலைந்த பேனா. இத்தனையையும் சுமந்து அந்தப் பை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். கையில் இரண்டு போன். இரண்டும் ஒரே நேரத்தில் அடித்தால் இரண்டையும் எடுப்பார். ஒன்றில் "ஓனர் இறங்கவே மாட்டேங்கறார் சார்". மற்றதில் "பார்ட்டி ஏறவே மாட்டேங்கறார் சார்". அந்த ஓனர் இன்னும் விலையே சொல்லவில்லை, அந்தப் பார்ட்டி இன்னும் வீட்டையே பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவருடைய பூகோளத்தில் கிலோமீட்டர் கிடையாது, நிமிஷம்தான். தாம்பரம் ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம், ஸ்கூல் ரெண்டு நிமிஷம், கோயில் வாசல்லயே. எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று கேட்பவர் வீடு வாங்க வந்தவர் அல்ல, வம்புக்கு வந்தவர். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தார்கள். அன்று முதல் செங்கல்பட்டு வரைக்கும் உள்ள எல்லா மனையும் "கிளாம்பாக்கத்துக்குப் பக்கத்துல". மேடவாக்கத்தில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த அன்றே அவர் ரயிலை ஓட்டிக் காட்டிவிட்டார்.

அவர் முதலில் காட்டும் வீடு வாங்குவதற்கானது அல்ல. இருட்டு ஹால், வாசலை அடைத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மர், கேட்டால் தலை சுற்றும் விலை. நாம் முகம் சுளிப்பதை உள்ளூர ரசித்தபடி நிற்பார். அடுத்த வீட்டில் ஜன்னல் என்று ஒன்று இருப்பதே நமக்கு வரமாகத் தெரியும். "2015 வெள்ளத்துலகூட இந்தத் தெருவுல சொட்டுத் தண்ணி நிக்கல சார்" என்று சுவரைத் தட்டுவார். அந்தச் சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கும். விரலை நீட்டிக் கேட்டால் பதில் தயார்: "அது டபுள் கலர் சார். இப்ப அதான் ஃபேஷன்."

இவ்வளவும் எதற்காக? விற்பனை முடிந்தால் இரண்டு பக்கமும் இரண்டு சதவீதம். சொல்வது இரண்டு, கைக்கு வருவது பல நேரம் ஒன்று. வாடகை வீடென்றால் ஒரு மாத வாடகை. இது ஊர் வழக்கம்தான், எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. 2016-ல் வந்த ரெரா சட்டம் ஏஜென்டுகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. பதிவு செய்யாமல், சட்டத்தின் கீழ் வரும் திட்டங்களில் வீடு விற்றுக் கொடுத்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்றும் மிரட்டியது. கமிஷன் எத்தனை என்ற கேள்வி வந்ததும் வாயை மூடிக்கொண்டது. நம்மவரைக் கேட்டால், "நமக்கெதுக்கு சார் ரெரா? நாம பண்றது ரீசேல்" என்பார். அப்படியானால் கார்டில் "ரெரா அப்ளைடு" என்று போட்டிருக்கிறதே? "அது கார்டு அடிச்ச பையன் அவனா போட்டது."

அவருக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. 80 லட்சம் ரூபாய்க்குக் கிரயம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 7 லட்சத்து 20 ஆயிரத்தை ஆன்லைனில் மறுபேச்சில்லாமல் கட்டுகிற மனிதர், புரோக்கரின் 1 லட்சத்து 60 ஆயிரம் என்றதும் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்று சப்-ரிஜிஸ்டிராரிடம் யாராவது கேட்டதுண்டா? 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 சதவீதமாக அரசு குறைத்தபோது இது இன்னும் மோசமானது. "கவர்மென்டே பாதியா குறைச்சிருச்சு, நீங்க குறைக்கக் கூடாதா?" என்று வாடிக்கையாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு அவர் சொன்ன பதிலைப் பொருளாதார வகுப்பில் வைக்கலாம். "கவர்மென்ட் இந்தக் கையால குறைச்சிட்டு அந்தக் கையால கைடுலைன் வேல்யூவ ஏத்திருச்சு சார். நான் ஏத்தலையே?"

சரி, குறைத்துவிட்டால் என்ன ஆகும்? எல்லாரும் நினைப்பது மிச்சமாகும் என்றுதான். விற்பவர் ஒருவர் கறாராக "அரை பர்சென்டுக்கு மேல பைசா கிடையாது" என்கிறார். நம்மவர் சண்டை போட மாட்டார். "அதுக்கென்ன சார், நம்ம வீடு மாதிரி" என்று சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். அன்று முதல் அந்த வீடு முதலில் காட்டும் வீடாகிவிடும். ஊரில் உள்ள அத்தனை பார்ட்டியும் வந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெரு வீட்டை வாங்குவார்கள். ஓனருக்கோ பரம சந்தோஷம், தினம் ஆள் வருகிறதே என்று. வாங்குபவர் கமிஷனைக் கடித்தால் அவருக்கும் வீடு காட்டப்படும். எட்டு மாதமாகப் போகாமல் கிடக்கிற வீடு, தாய்ப் பத்திரத்தை அண்ணன் தம்பி ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிற வீடு, மூன்றாம் மாடியில் லிஃப்ட் இல்லாத வீடு. நல்ல வீட்டின் தகவல் வந்தால் முதல் போன் இரண்டு சதவீதக்காரருக்கு. இவருக்கு மறுநாள் வாட்ஸப்பில் வரும், "சோல்ட் அவுட்" என்று.

அதைவிட ஆபத்தானது "கமிஷனே வேண்டாம் சார்" என்கிற வீடு. ஓனரிடம், "உங்க கைக்கு எவ்ளோ வரணும்? எழுபத்தஞ்சா? மேல வர்றத நான் பாத்துக்கறேன்" என்று ஏற்கெனவே பேசி வைத்திருப்பார். நாம் 82 கொடுத்துவிட்டு, புரோக்கருக்குக் காசு கொடுக்காமல் தப்பித்தோம் என்று வீட்டில் பெருமையடித்துக்கொள்வோம். என் அபிப்பிராயம் கேட்டால், கையில் எண்ணிக் கொடுக்கிற கமிஷன்தான் இருப்பதிலேயே மலிவு.

முழு இரண்டையும் கொடுத்தவர்கள் மட்டும் அவர் நம் ஆள் என்று நம்பலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 லட்சத்துக்கு முடிந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து அவருக்கு 3 லட்சத்து 20 ஆயிரம். ஓனருக்காக நாயாக அலைந்து இன்னும் 2 லட்சம் ஏற்றிக் கொடுத்தால் கூடுதலாகக் கிடைப்பது 8,000. ஏற்றுகிறேன் பேர்வழி என்று பார்ட்டி ஓடிவிட்டால் போவது 3 லட்சத்து 20 ஆயிரமும். எட்டாயிரத்துக்காக மூன்றேகால் லட்சத்தை எவன் பணயம் வைப்பான்? அதனால்தான் ஓனரிடம், "மார்க்கெட் டல் சார், வந்த விலைக்குக் குடுத்துருங்க". வாங்குபவரிடம், "மார்க்கெட் சூடு சார், கேட்ட விலைக்கு எடுத்துருங்க". அவர் விற்பவர் கட்சி இல்லை, வாங்குபவர் கட்சியும் இல்லை. பதிவுத் தேதிக் கட்சி.

டல்லாஸில் இருக்கும் பிள்ளைகள் சிட்லபாக்கத்து அப்பா வீட்டை விற்க வரும்போதுதான் நம்மவருக்கு உலகச் செய்தி தெரியவரும்.

"அண்ணே, அங்கல்லாம் அஞ்சு, ஆறு பர்சென்ட்."

"ஆறா!" டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். எண்பதுக்கு ஆறு, 4 லட்சத்து 80 ஆயிரம். பிறந்த ஊர் தப்பாகிவிட்டதே என்ற ஏக்கம் முகத்தில் தெரிந்தது. "யார் குடுப்பா?"

"விக்கிறவர்தான். அதை ரெண்டு பக்கத்து ஏஜென்டும் பிரிச்சுக்குவாங்க."

அவர் உதடு அசைந்தது. ஆறில் பாதி மூன்று. இங்கே இரண்டு பக்கமும் இரண்டு, ஆக நாலு, அதுவும் ஒற்றை ஆளுக்கு. கிளாஸை மறுபடி எடுத்துக்கொண்டார்.

பிள்ளை விடவில்லை. வீடு விற்றவர்கள் வழக்குப் போட்டார்கள், அங்குள்ள ஏஜென்டுகள் சங்கம் 2024 மார்ச்சில் 41 கோடியே 80 லட்சம் டாலர் தருவதாகச் சமரசத்துக்கு வந்தது, ஆகஸ்ட் 17 முதல் முறையே மாறிவிட்டது என்றெல்லாம் விளக்கினான். வாங்குபவரின் ஏஜென்டுக்கு இவ்வளவு தருகிறேன் என்று விற்பவர் இனி ஏஜென்டுகளின் பொதுப் பட்டியலில் போட முடியாது. தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பல பேர் இன்னும் விற்பவர் தலையிலேயே கட்டுகிறார்கள். கட்ட முடியாதவர், அதுவும் முதல் வீடு வாங்குகிறவர், முன்பணத்துக்கு மேல் ஏஜென்டுக்கும் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். அதோடு, வீட்டைப் பார்க்கப் போகுமுன்பே ஏஜென்டுக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"பாக்கறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமாண்ணே. கையெழுத்து இல்லாம கதவே திறக்காது."

நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தொழிலின் மூலவியாதியே இதுதானே. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஆறு வீடு காட்டுவார், தன் காசில் இளநீர் வாங்கிக் கொடுப்பார். திங்கட்கிழமை அதே பார்ட்டி தனியாகப் போய் ஓனர் வீட்டு மணியை அடிப்பார். "அந்தாள் வேண்டாம் சார், நாம நேரடியா முடிச்சுக்கலாம். அவர் கமிஷன ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்." இந்தத் துரோகத்தில் மட்டும் விற்பவரும் வாங்குபவரும் அண்ணன் தம்பியாகிவிடுவார்கள். அமெரிக்கக் கோர்ட்டில் போட்ட வழக்கு என்னவோ விற்க வந்தவர்களைக் காப்பாற்றத்தான். அதன் பலன் தனக்குத்தான் சேர வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவர் முடிவு கட்டிவிட்டார். மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பார்ட்டிகளிடம் நீட்டிப் பார்த்தார். "வீடு பாக்கத்தானே வந்தோம், எதுக்குங்க கையெழுத்து?" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நோட்டு இப்போது பால் கணக்குக்குப் பயன்படுகிறது.

அதே டல்லாஸ் வீட்டில் அவர் ஒரு கோட்டையும் விட்டார். "அம்பது லட்சத்துக்கு மேலன்னா ஒரு பர்சென்ட் டிடிஎஸ் பிடிங்க, அவ்ளோதான்" என்று வாங்குபவருக்கு அடித்துச் சொன்னார். அந்த ஒரு சதவீதம் உள்நாட்டில் வசிப்பவரிடம் வாங்கினால். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விகிதம் வேறு, அதிகம், கட்டும் முறையும் வேறு. ஆடிட்டர் போட்ட சத்தம் டீக்கடை வரை கேட்டது. இரண்டு சதவீதத்தில் இந்த மாதிரி ஆலோசனைகளும் அடக்கம்.

ஆனாலும் பொத்தாம்பொதுவாக அவரைத் திட்ட எனக்கு மனசு வராது. "புரோக்கரே இல்லை" என்று விளம்பரம் செய்யும் இணையதளத்தில் சந்தா கட்டி, ஓனர் நம்பர் வாங்கிப் பேசிப் பாருங்கள். "ஓனர்தான் பேசறேன் சொல்லுங்க" என்ற குரலுக்குப் பின்னால் டீக்கடை பாய்லர் சத்தம் கேட்கும். மேலும், ஓனர் ஏன் விற்கிறார், பெண் கல்யாணக் கடனா, அசோசியேஷன் தலைவரோடு பார்க்கிங் தகராறா, போரில் ஏப்ரல் மாதம் வருவது தண்ணியா காத்தா, இதெல்லாம் எந்த ஆப்பிலும் வராது. அவருக்குத் தெரியும். பேசின கமிஷனைக் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை வந்தால் பாதியையாவது சொல்வார்.

பதிவு நாளன்று சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸில் நம்மவர் தனியாக இருக்க மாட்டார். ஓனரைத் தெரிந்தவரைத் தெரிந்தவர், பார்ட்டியை அழைத்து வந்தவரை அழைத்து வந்தவர் என்று வெள்ளைச் சட்டைகள் நாலு நிற்கும். அந்த மூன்றேகால் லட்சம் நாலாகப் பிரியும். உள்ளே கைரேகை வைப்பவர்களுக்கு அது தெரியாது. வெளியே வந்ததும் வாங்கியவர் ஒரு கவரை நீட்டினார்.

நம்மவர் கவரைத் தடவிப் பார்த்தார். எண்ணத் தேவையில்லை, விரலுக்கே தெரிந்துவிடும். "சார், பேசினது ரெண்டு."

"இவ்ளோதான் முடியும். இன்டீரியர் வேற இருக்கு."

"கிரகப்பிரவேசம் பண்ணப் போறீங்க, மனசாரக் குடுங்க சார்."

வாங்கியவரின் மனைவி கைப்பையைத் திறந்து இரண்டு ஐநூறு ரூபாய்த் தாள் எடுத்து வைத்தார். நம்மவர் அதையும் கவரையும் பைக்குள் திணித்தார். சாவிக்கொத்தை எடுத்து, எது மெயின் டோர், எது மோட்டார் ரூம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிக் கொடுத்தார். கிளம்பப் போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எப்பவாவது விக்கிறதா இருந்தா எனக்குத்தான் மொதல்ல சொல்லணும் சார். இப்பவே பார்ட்டி ரெடியா இருக்கு."