ஈஸிசேர் ஷிகாரி

துப்பாக்கி என்று அவர் கையில் எடுத்தது, சின்ன வயதில் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த ரோல் கேப் துப்பாக்கி ஒன்றுதான். அதுவும் மூன்றாம் நாள் ஸ்பிரிங் போய்விட்டிருக்கும். ஆனாலும் .275 ரிக்பிக்கும் .450/400 இரட்டைக்குழலுக்கும் என்ன வித்தியாசம், எதைத் தூக்கிக்கொண்டு மலையேறலாம், எதைப் பரணில் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று அரைமணி நேரம் பேசுவார். கரப்பான்பூச்சி பறந்தால் கட்டில்மேல் ஏறிக்கொள்வார். சம்பாவத் பெண்புலி கொன்றது 436 பேர், ஜிம் கார்பெட் அதைச் சுட்டது 1907-இல் என்பதைத் தம் கல்யாணத் தேதியைவிடத் தயங்காமல் சொல்வார். வங்கியிலோ மின்வாரியத்திலோ முப்பது முப்பத்தைந்து வருஷம் கோப்பு தள்ளி ஓய்வு பெற்ற இப்படி ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். முதுகில் செல்லோடேப் ஒட்டிய கார்பெட், கென்னத் ஆண்டர்சன் வேட்டைப் புத்தகங்கள் அவர் அலமாரியில் கைக்கெட்டும் தட்டில் இருக்கும். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் ஈஸிசேர் தாழ்வாரத்துக்கு வரும். மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பமாகும்.

ஆரம்பித்துவிட்டால் சுமார் ஒரு மாதத்துக்கு வீட்டில் நடமாட்டமே மாறிவிடும். மின்சாரம் போனால் மற்றவர்கள் டார்ச்சைத் தேடுவார்கள். இவர் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுப்பார். விடிகாலையில் தெருநாய் குரைத்தால், அது பால்காரரைப் பார்த்துக் குரைப்பதா, புதுமுகத்தைப் பார்த்துக் குரைப்பதா என்று படுக்கையிலிருந்தே தீர்ப்புச் சொல்வார். கடமான் மணியடித்தாற்போலக் கத்துவதையும் கேளையாடு குரைப்பதையும் மரத்து மந்தி கூக்குரலிடுவதையும் வைத்துப் புலி எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்டுபிடித்தவர் கார்பெட். இவருக்குக் கிடைத்தது தெருநாயும் காக்கையும் எதிர்வீட்டு இட்லிக் குக்கரும்தான். ஜவளகிரிப் பெண்புலியை ஆண்புலியின் குரலில் அழைத்து வரவழைத்தார் ஆண்டர்சன். அந்தக் குரலைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பழகிப் பார்ப்பவர்களும் இந்த ஜாதியில் உண்டு. "உள்ளே என்னங்க சத்தம்?" என்று வெளியிலிருந்து கேட்டால், "தொண்டையில சளி" என்று பதில் வரும்.

இவரைப் பார்த்தால் உலகம் எளிதாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: கோழையின் மனசுக்குள் ஒரு கொலைகாரன் ஒளிந்திருக்கிறான், நிஜத்தில் முடியாததைப் புத்தகத்தில் தீர்த்துக்கொள்கிறான் என்று. மனோதத்துவம் அரைகுறையாகத் தெரிந்த மருமகப்பிள்ளைகள் இதை அடிக்கடி சொல்வார்கள். முதல் தடவை படிக்கிறவரைப் பற்றியென்றால் இதில் ஓரளவு நியாயம் உண்டு. அவர் புலி எப்போது சாகும் என்று பக்கத்தைப் புரட்டுகிறார். பத்தாம் தடவை படிக்கிறவர் வேறு ஆள். புலி எந்தப் பக்கத்தில் சாகிறது என்பது அவருக்குத் தெரியும். அது சாகாமல் இருக்கும் பக்கங்களுக்காகத்தான் அவர் திரும்பத் திரும்ப வருகிறார். சந்தேகம் இருந்தால் அவர் புத்தகத்தையே வாங்கிப் பாருங்கள் (தரமாட்டார், அவர் தூங்கும்போது பாருங்கள்). பரணில் இரவு முழுக்க விழித்திருக்கும் அத்தியாயங்களில் எண்ணெய்க் கறையும் காப்பி வட்டமும் பொடி மட்டையின் வாசனையும் இருக்கும். வேட்டு வெடிக்கும் பக்கம் பெரும்பாலும் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும்.

புத்தகங்களின் கட்டுமானமும் இதற்குத்தான் சாட்சி சொல்கிறது. கேதாரநாத், பத்ரிநாத் யாத்திரை வழியில் எட்டு வருஷம் 125 பேரைத் தின்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையைப் பற்றி, ஒரு முழுப் புத்தகமே எழுதினார் கார்பெட். அதில் சிறுத்தை சாவதற்கு ஆகும் நேரம் டார்ச் ஒளியில் ஒரு கணம். மற்றதெல்லாம் தோல்வி. விஷம் வைக்கிறார்கள், பொறி வைக்கிறார்கள், பாலத்துக் கோபுரத்தின்மேல் குளிர்காற்றில் இருபது இரவு உட்கார்ந்து பார்க்கிறார். 1925-இல் பல வாரம் அலைந்தும் ஒன்றும் நடக்காமல் ஊர் திரும்பி, அடுத்த வருஷம் மறுபடி வருகிறார். 1926 மே மாதத்தில் குலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தின்மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் அது முடிகிறது. தோல்வியை இவ்வளவு பொறுமையாக எழுதிய வேறொருவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். பதவி உயர்வுக்கான தேர்வை நாலு தடவை எழுதி, ஐந்தாம் தடவை விண்ணப்பமே போடாமல் விட்ட ஒரு மனிதருக்கு இது எப்பேர்ப்பட்ட ஆறுதல் என்பதை மருமகப்பிள்ளைகள் யோசிப்பதில்லை. தருமபுரிப் பக்கத்தில் விடிய விடியக் கர்ணமோட்சம் கூத்து பார்க்கிற கூட்டத்தில், கர்ணன் பிழைப்பானா என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்திருப்பவர் ஒருவருமில்லை. ஈஸிசேர் ஷிகாரியும் அந்தக் கூட்டத்து ஆள்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. தடவை ஏற ஏற, இவர் கட்சி மாறிவிடுகிறார். அதற்கான ஆதாரத்தை அந்த நூல்களே எடுத்துக் கொடுக்கின்றன. சம்பாவத் புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. முன்பு யாரோ சுட்ட குண்டின் வேலை அது. முக்தேசர் பெண்புலி முள்ளம்பன்றியோடு மோதி ஒரு கண்ணை இழந்து, உடம்பில் ஐம்பதுக்கு நெருக்கமாக முட்களோடு திரிந்த பிராணி. முதல் வாசிப்பில் இதெல்லாம் பின்குறிப்பு மாதிரி கடைசியில் வந்து போகும். மறுவாசிப்பில் அந்த உடைந்த பல் முதல் பக்கத்திலேயே ஞாபகத்துக்கு வந்துவிடும். அப்புறம் எப்படிப் புலியை வில்லனாக்கிப் படிக்க முடியும்? பல்வலிக்குக் கிராம்புத் தைலம் தடவிக்கொண்டு படிக்கிற வயதில் அந்தப் பத்தி வேறுமாதிரி உறைக்கும். சௌகர் கதையில் தாய்ப்புலி என்று நினைத்து வளர்ந்த குட்டியைச் சுட்டுவிடுகிறார் கார்பெட். தப்பிய தாய் 1930 வரை ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. அந்த உயிர்களுக்குத் தம் பிழையே காரணம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் அதை எதிர்கொண்டபோது அவருடைய இடது கையில் பக்கி என்ற இராப்பறவையின் இரண்டு முட்டைகள். சேகரிப்புக்காக எடுத்தவர், முட்டை உடையக்கூடாதே என்று ஒற்றைக் கையால் துப்பாக்கியைத் திருப்பிச் சுட்டார். நம் ஷிகாரி இந்த இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துவிட்டு, முட்டைகளைப் பற்றித்தான் கவலைப்படுவார்.

அசல் எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. இதெல்லாம் வெள்ளைக்காரத் துரை வந்து ஏழைக் கிராமத்தைக் காப்பாற்றும் கதைதானே, இதை வருஷா வருஷம் பாராயணம் பண்ணுவது அடிமைப் புத்தியில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆட்சி அவர்களுடையது, கிராமத்தான் கையில் துப்பாக்கி இல்லாமல் போனதற்கும் அந்த ஆட்சிக்கும் தொடர்பு உண்டு. போவால்கர் புலி யாரையும் தின்றதில்லை. அதன் பெருத்த உருவத்துக்காகவே அதைத் தேடிப்போய்ச் சுட்டார் கார்பெட். அந்த அத்தியாயம் வந்தால் நம்மவரும் கொஞ்சம் வேகமாகப் புரட்டுவார். ஆனால் 'எனது இந்தியா'வில் வரும் சுமைகூலிகளையும் விவசாயிகளையும் பற்றி கார்பெட் எழுதியதைப் பாராட்டுச் சான்றிதழ் என்று தள்ளிவிட முடியாது. அதில் உறவின் உரிமை இருக்கிறது. ஆண்டர்சனுக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்தவர்களில் பைரா என்ற பூசாரியும் பென்னாகரம் ரங்காவும் முக்கியமானவர்கள். கதையில் அவர்கள் தடம் பார்த்துச் சொல்லாவிட்டால் துரைக்கு வழியே தெரியாது. மறுவாசிப்பில் இவர்கள் முன்னுக்கு வந்து, துரை கொஞ்சம் பின்னுக்குப் போய்விடுகிறார். முதல் வாசிப்பை மட்டும் வைத்து வழக்குப் போடுகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

ஆண்டர்சன் கைச்சரக்கு நிறையச் சேர்த்தவர் என்ற குற்றச்சாட்டுக்கு இவர் வாதாடவே மாட்டார். பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, லீவு நாளில் ஸ்டுடிபேக்கர் காரை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போன மனிதர் கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் என்ன, நம் ஆபீஸில் யார் சொல்லவில்லை என்று முடித்துவிடுவார். ஊர்ப் பெயர்களில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி, சிவனிப்பள்ளி, பென்னாகரம் எல்லாம் பஸ் போகும் ஊர்கள். ஓசூர் பஸ் நிலையத்தில் 'அஞ்செட்டி, அஞ்செட்டி' என்று கண்டக்டர் கூவினால் இவருக்கு மயிர்க்கூச்செறியும். பக்கத்தில் நிற்பவருக்கு உட்கார இடம் கிடைக்குமா என்பதுதான் கவலை.

இவ்வளவு ஆசையிருந்தால் நேரே காட்டுக்குப் போகவேண்டியதுதானே? போவார்கள், ஒரு தடவை. முதுமலையில் வண்டியில் ஏற்றி ஒரு சுற்று காட்டிக் கொண்டுவந்து விடுவார்கள். பின்சீட்டில் சிப்ஸ் பாக்கெட் கசங்கும். 'புலி வருமா சார்?' என்று யாரோ டிரைவரை நச்சரிப்பார்கள். வண்டி மண்ணிலிருக்கும் தடத்தின்மேலேயே ஏறிப் போகும். திரும்பி வந்ததும் இவர் ஈஸிசேரில் நிம்மதியாகச் சாய்ந்து சொல்வார்: "புத்தகத்துல இதைவிட அமைதியா இருக்கும்." சினிமாவும் இவருக்கு உதவாது. 1948-இல் நம் மைசூர்க்காரர் சாபுவை வைத்து ஹாலிவுட்டில் குமாயுன் கதை என்று ஒரு படம் எடுத்தார்கள். கதைக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை. அதில் நன்றாக நடித்தது புலிதான் என்பது கார்பெட் சொன்னதாக வழங்கும் விமரிசனம்.

ஆகவே இவரால் ஆபத்து என்று பயப்படுகிறவர்கள் பயத்தை விடலாம். கார்பெட்டே பிற்காலத்தில் துப்பாக்கியைக் காட்டிலும் காமிராவை விரும்பினார். 'குமாயுன் புலிகள்' நூலின் கடைசியில் அதைத்தான் பேசுகிறார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அவர் பெயரிலுள்ள பூங்காவில்தான். அந்த ஆண்டுகளில் எடுத்த கணக்கெடுப்பில் 1,827 புலிகள். 2022 மதிப்பீட்டில் 3,682. இந்தக் கணக்கு பத்திரிகையில் வரும் நாளில் நம்மவர் இரண்டாம் காப்பி கேட்பார். வேட்டைப் பிரியர் கேட்கமாட்டார். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்தப் புத்தகங்களை ஒரு தடவை படித்துவிட்டு வைத்துவிடுவார்கள் என்றுதான் தோன்றுகிறது. திரும்பத் திரும்பப் படிப்பதெல்லாம், சுடத் தெரியாதவர்களும் சுட மனமில்லாதவர்களும்தான்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், ஐப்பசி கார்த்திகையில் அவரைக் கடைக்கு அனுப்பாதீர்கள். வாங்கவேண்டியதை மறந்துவிட்டு வருவார். அந்தப் பழைய பிரதியைத் தவறியும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இரவலும் கேட்கவேண்டாம். 'குமாயுன் புலிகள்' தி.ஜ.ர.வின் தமிழில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.