குளுவாங் தாத்தா வின்னிபெக் பேரனுக்குச் சொன்னது

ஏண்டா பேராண்டி, வின்னிபெக்ல மைனஸ் முப்பதாமே? இங்க குளுவாங்ல நான் பனியனைக் கழட்டிப் போட்டுட்டு வாசல்ல விசிறிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

நாங்க தோட்டத்து லயத்துல வளர்ந்த ஆளுங்க. தூண் மேல பலகை வீடு. அடியில கோழி மேயும், காத்து போகும். மண்ணுல இருந்து எந்த ஆவி கிளம்பினாலும் கோழிகிட்ட சொல்லிட்டு அப்படியே போயிடும். நீ படிச்சவன். பூமியைத் தோண்டி அறை கட்டி, சந்துபொந்தெல்லாம் அடைச்சுட்டு, "தாத்தா, ரேடான் வருது"ங்கிற. வராம என்ன செய்யும்?

நிறமில்ல, மணமில்ல. மண்ணுல கிடக்கிற யுரேனியம் சிதையச் சிதைய வர்ற வாயு. நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகரெட்டுக்கு அடுத்த காரணம் அதுதான். 1984-ல பென்சில்வேனியாவுல ஸ்டான்லி வாட்ரஸ்னு ஒரு எஞ்சினியர், அணுமின் நிலையத்துல வேலை. வெளிய வரும்போது அபாய மணி அடிச்சா நியாயம். இவரு உள்ள நுழையும்போதே அடிச்சுது! தேடிப் பார்த்தா குற்றவாளி அவரு வீடு. கல்யாணம் ஆனவனுக்கு இதுல ஆச்சரியமில்ல.

கன மீட்டருக்கு 200 பெக்கரல் தாண்டினா சரிபண்ணச் சொல்லுது உங்க கனடா. நீயும் காசைக் கொட்டி, மண்காத்தை வெளிய இழுத்துவிடக் குழாயும் விசிறியும் வச்ச. இப்ப லைட் பில்லை மிச்சம் பிடிக்க விசிறியை நிறுத்திட்டியாமே, கெட்டிக்காரா!

குளிர்லதான்டா அது ஓடணும். ஹீட்டர் போட்ட காத்து மேல ஏறும். அந்த இடத்தை நிரப்ப உன் வீடே மண்காத்தை உறிஞ்சும். குழாய்ல வளைஞ்ச சின்னக் குழாய் ஒண்ணு ஒட்டியிருக்கே, கலர் தண்ணியோட? ரெண்டு பக்கமும் ஏற்ற இறக்கமா நின்னா விசிறி இழுக்குது. சமமா நின்னா சமாதானம்னு நினைச்சுக்காதே, விசிறி படுத்துடுச்சு.

வெளிய குழாய் வாயையும் பாரு. மண்ணோட ஈரக்காத்து அங்க உறைஞ்சு வாயை அடைக்கும். சுவர் வழியா விட்டிருந்தா பனி குவிஞ்சு மூடிரும், தள்ளிவிடு. அணிலுக்குப் பயந்து கம்பிவலை கட்டாதே, பனிக்கட்டி முதல்ல அதுலதான் பிடிக்கும். கூரையேறிக் கோடாலி வீசுற வீரமும் வேணாம், பொருத்தினவனைக் கூப்பிடு.

என்னது, விசிறிச் சத்தத்துல கீழறையில தூங்க முடியலையா? யாருக்கு? உன் மாமியாருக்கா?

அப்படிச் சொல்லுடா திருட்டுப் பயலே! லைட் பில்லாம், லைட் பில்! போய் சுவிட்சைப் போடு. இல்லேன்னா அந்தம்மாவுக்கே போன் போட்டு ரேடான்னா என்னன்னு நான் விளக்கிடுவேன்.