மலையேறிய வெயில்

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கினார். பின்னாளில் கோடை வந்தால் சென்னை ராஜதானி அரசாங்கமே கோப்பு, குமாஸ்தா சகிதம் அங்கே குடிபெயர்ந்தது. வெயிலுக்குப் பயந்து ஓடியதற்கு அன்று பெயர் நிர்வாகம். நாம் ஓடினால் போக்குவரத்து நெரிசல். 2024 மே 7 முதல் இ-பாஸும் வேண்டும்.

அந்த இ-பாஸ் வருவதற்குச் சில நாள் முன்பே, ஏப்ரல் கடைசியில், ஊட்டியில் 29 டிகிரி. வெயில் சாமர்த்தியசாலி, முந்திக்கொண்டு மலையேறிவிட்டது.

வேளச்சேரி ஃபிளாட்டை விற்றுவிட்டுக் கோத்தகிரியில் குடியேறப்போவதாக நண்பர் ஒருவர் மூன்று வருடமாகச் சொல்கிறார். “அங்கே ஃபேனே வேண்டாம் சார்!”

ஃபிளாட்டை விற்கட்டும். ஏசியை மட்டும் விற்க வேண்டாமென்று யாராவது அவரிடம் சொல்லுங்கள்.