கிட்டப்பாவைக் கேட்டவர்

பங்குனி, சித்திரை மாதங்களில் மதுரைக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட சீமையில் பிரயாணம் செய்கிறவர், ஏதேனும் ஒரு கிராமத்துக் கோவில் திருவிழாவில் ‘வள்ளி திருமணம்’ ஸ்பெஷல் நாடகம் நடக்கப்போவதாகச் சுவரில் நோட்டீஸைக் கண்டு, லாட்ஜின் மூட்டைப்பூச்சிகளைவிட முருகப்பெருமானே மேல் என்று தீர்மானித்து, இரவு பத்து மணிக்கு அங்கே போய்ச் சேர்வாரானால், பக்கத்துப் பாயில் அந்த மகானுபாவரைத் தரிசிக்கும் பாக்கியம் அவருக்கு நிச்சயம் வாய்க்கும்.

எழுபதைத் தாண்டிய வயது, தோளில் துண்டு, மடியில் வெற்றிலைப் பொட்டலம், முகத்தில் நிரந்தரமான துக்கம். பபூன் வந்து ஊரையே சிரிக்க வைக்கும்போதும் அவர் பெருமூச்செறிவார். வேலன் வேஷத்தில் ராஜபார்ட் நடிகர் தோன்றி மைக்கைப் பிடித்துக் குரலெடுத்ததுதான் தாமதம், நம் பக்கம் சாய்ந்து, “இதெல்லாம் ஒரு பாட்டா தம்பி? கிட்டப்பா பாடிக் கேக்கணும். மைக்கா இருந்துச்சு அப்ப? கடைசிப் பாய் வரைக்கும் கணீர்னு விழும்!” என்பார்.

நாடக மேடைப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பா 1933-லேயே, தமது 27-ஆம் வயதில், காலமாகிவிட்டார் என்பதையும், இவரோ அதற்குச் சுமார் இருபது வருஷங்களுக்குப் பின்பே பூமியில் அவதரித்திருக்க வேண்டும் என்பதையும் கூட்டிக் கழித்து நாம் விநயமாக எடுத்துரைத்தால், அவர் சிறிதும் கலங்குவதில்லை. “எங்கப்பா கேட்டாரு. அப்பா கேட்டா நான் கேட்ட மாதிரிதானே?” என்பார். அந்தத் தகப்பனாரும், கிட்டப்பா பாடிக்கொண்டிருந்தபோதே, 1922-இல் மறைந்த நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் இருந்த நாளில் நாடகம் எப்படி இருந்தது தெரியுமா என்று அங்கலாய்த்தவர்தானாம். நிலபுலன்களெல்லாம் பங்காளிகளிடம் போய்ச் சேர, இந்த ஏக்கம் ஒன்றுதான் வில்லங்கமில்லாத பிதுரார்ஜிதமாக இவர் கைக்கு வந்திருக்கிறது.

ஆனால் நள்ளிரவுக்கு மேல் அவரைக் கவனிக்க வேண்டும். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர். ஒத்திகை என்பதே கிடையாது. நாரதரும் வள்ளியும் தர்க்கம் தொடங்கினால் ஒருவர் எந்தக் கேள்வியை வீசப்போகிறார் என்பது மற்றவருக்கே தெரியாது. அந்தக் கட்டத்தில் நம்முடைய துக்கசாகரர் கழுத்தை நீட்டிக்கொண்டு, வள்ளி ஒரு கணம் தயங்கினால் பதிலைத் தாமே முணுமுணுப்பார். ஆர்மோனியக்காரர் சுருதி பிடிப்பதற்குள் பாட்டைத் தொடங்கியும் விடுவார். சிறிது நேரத்தில் ஸ்திரீபார்ட்டுக்கு நூறு ரூபாய் அன்பளிப்பு என்று மைக்கில் ஒரு பெயர் ஒலிக்கும். அது அவர் பெயராகவே இருக்கும். விருத்த வேஷத்தில் முருகன் தள்ளாடி வரும்போது, பாதி ஊர் தூங்கிப் போயிருக்க, அவர் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். நாம் திரும்பிப் பார்த்தால் போதும், சிரிப்பைத் துண்டால் துடைத்துவிட்டு, “ஹும், கிட்டப்பா!” என்பார்.

கல்யாணம் முடிந்து, விடிந்து, முதல் பஸ்ஸில் ஏறினால் முன் இருக்கையில் அவரே வீற்றிருப்பார். பக்கத்தில் வசமாகச் சிக்கிய ஒரு கல்லூரிப் பையனிடம், “நேத்து வந்த வள்ளி மாதிரி இனி ஒருத்தி பொறந்து வரணும் தம்பி! அதெல்லாம் ஒரு காலம்!” என்று அவர் கண்கலங்கிக்கொண்டிருக்கும்போது, அந்தக் காலம் முடிந்து அரைமணி நேரம்கூட ஆகியிராது.