பெருநிறுவன ஆய்வுக் கூட்டங்களில் மக்ரூன் பங்கீடு: முத்துச் சலாபத்தோடு ஓர் ஒப்பீடு

தூத்துக்குடியின் பெரிய அலுவலகங்களில் திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங் நடப்பது அறிஞர் அறிந்ததே. அந்த மேசையின் நடுவில் வைக்கப்படும் மக்ரூன் தட்டைப் பற்றி இதுவரை ஒரு முனைவர் பட்டம்கூட வழங்கப்படாதது ஆய்வுலகின் பெருங்குறை. அதைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள்: ஒரு நிறுவனம் ஆளையும் பொருளையும் எப்படி நிர்வகிக்கிறது என்பதை அதன் மக்ரூன் தட்டே சொல்லிவிடும். ஆய்வு எல்லை: தட்டின் விளிம்பு.

மக்ரூன் என்பது முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றால் ஆன கூம்புப் பண்டம். கூட்டத்துக்கு வருவோரின் எண்ணிக்கையைவிடச் சற்றுக் குறைவாகவே அது வாங்கப்படுகிறது (காண்க: டீ கொண்டுவரும் தம்பியின் வாய்மொழி). உண்போர் நால்வகைப்படுவர்.

பொது மேலாளர்: முதலில் எடுப்பார்.

நிதிப் பிரிவினர்: சுகர் என்பர், பின் எடுப்பர்.

டீ கொண்டுவரும் தம்பி: தட்டின் அடியில் தங்கும் தூள் இவருக்கு. முத்தைத் தரம் பிரித்தபோதும் ஆணி என்னும் முதல் தரத்தில் தொடங்கித் தூளில்தான் முடித்தார்கள் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

ஒருங்கிணைப்பாளர்: இவரைப் பற்றி விரிவாகப் பேசியாக வேண்டும். அதற்கு முன் கொற்கை. தூத்துக்குடி பற்றிய ஆய்வு கொற்கையைத் தொடாவிட்டால் நெறியாளர் கையெழுத்துப் போட மாட்டார் என்பதால் தொடுகிறேன். கொற்கைக் கடலில் தண்டனைக் கைதிகளே முத்துக் குளித்தனர் என்று கிரேக்க நூலான பெரிப்ளூஸ் கூறுகிறது. ஆட்சேர்ப்பு, ஊக்கத்தொகை, ராஜினாமா என்னும் மூன்று சிக்கலையும் ஒரே அடியில் தீர்த்த நிர்வாகம் அது. கொற்கை முற்றிற்று.

இனி ஒருங்கிணைப்பாளர். சலாபத்தில், அதாவது முத்துக் குளிப்பில், இவருக்கு நேரானவர் கடல்கட்டி. சுறா குளியாளைத் தீண்டாதபடி மந்திரத்தால் அதன் வாயைக் கட்டுபவர். அவர் குளிப்பதில்லை, கயிறு பிடிப்பதில்லை, சிப்பி எண்ணுவதில்லை. ஆனால் அவர் இல்லாமல் குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, எடுத்ததில் பத்தில் ஒன்று அரசனுக்கு, இருபதில் ஒன்று மந்திரக்காரருக்கு என்று எழுதிவைத்திருக்கிறார். அதாவது எதையும் செய்யாமல், அரசன் வாங்குவதில் பாதி. இந்த விகிதம் இன்றும் பெரிதாக மாறவில்லை (காண்க: மூன்றாம் மாடி லிப்டினுள் பேனாவால் எழுதப்பட்ட சாசனம், இரண்டாம் வரி சிதைவு).

போலோ சொல்லும் இன்னொரு செய்தி வியப்புக்குரியது. பகலில் போட்ட வாய்க்கட்டை மந்திரக்காரர் இரவில் அவிழ்த்துவிடுவாராம். திருட்டுத்தனமாக யாரும் குளிக்கக் கூடாதல்லவா! இதற்கு இணையாக நம் ஒருங்கிணைப்பாளர் மாலை ஆறு மணிக்குமேல் கடவுச்சொல்லை மாற்றுகிறார். மறுநாள் காலை அவரைக் கேட்காமல் யாரும் கோப்பைத் திறக்க முடியாது. இலங்கைக் கரைச் சலாபத்தை 1859இல் நூலில் விவரித்த எமர்சன் டென்னன்ட், அப்போதைய தலைமைக் கடல்கட்டி ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்றும், அதனால் மந்திரத்தின் மதிப்புக் குறைந்ததாக யாரும் நினைக்கவில்லை என்றும் குறிக்கிறார். ஆகவே ஒருங்கிணைப்பாளர் தாம் சொல்வதைத் தாமே நம்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இவர் எத்தனை மக்ரூன் எடுக்கிறார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு (காண்க: கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, பழுப்பு உறைப் பிரதி. அதில் 'ஒன்று'. எண்ணெய்க் கறைப் பிரதியில் 'இரண்டு'. கறையே மூலம் என்பது ஸ்டோர் ரூம் மரபு. கறை பிற்காலத்து இடைச்செருகல் என்பது அக்கவுண்ட்ஸ் மரபு. இவ்விரு மரபினரும் பேச்சுவார்த்தையை நிறுத்தி நெடுங்காலம் ஆகிறது, ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள்).

இவ்விடத்தில் நிபுணர் அறிக்கை பற்றியும் ஒரு சொல். ஹெர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியர் 1903 முதல் 1906 வரை மன்னார் வளைகுடா முத்துச் சிப்பி பற்றி ஐந்து பாகங்களில் அறிக்கை எழுதினார். முத்துக்குக் காரணம் நாடாப்புழுக் குஞ்சு என்றார். 1906இல் லண்டன் முதலீட்டாளர்களின் கம்பெனி ஒன்று இலங்கைக் கரைப் பார்களை, அதாவது கடலடிச் சிப்பித் திட்டுகளை, 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கே குளிக்கச் சிப்பி இல்லை. சிப்பிகள் அந்த ஐந்து பாகத்தையும் படித்திருக்கவில்லை. அதைப் படிக்காமலே மேற்கோள் காட்டுவோர் இன்றும் உளர். நானும் ஒரு பாகத்தின் அட்டையைப் பார்த்திருக்கிறேன்.

சரி, சலாபத்தை யார்தான் நடத்தினார்கள்? ஆயிரக்கணக்கானோர் மணலில் திடீரென ஊர் அமைத்து, சில வாரத்தில் கலைத்துப் போனார்கள். இரவில் தரைக்காற்றில் தோணிகள் பார் நோக்கிப் போயின. பிற்பகல் கடல்காற்றில் திரும்பின. குளியாளின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான், தங்கை தாலி அவன் கையில் இருக்கிறதே என்று இக்கரையில் இன்றும் சொல்வார்கள். பொறுப்பு யாருடையது என்று கேட்டு யாரும் மெயில் அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

பங்கீடுதான் உச்சம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசுக்கு இரண்டு பங்கு, குளியாட்களுக்கு ஒரு பங்கு. கரைக்கு வந்த சிப்பியைக் குளியாட்களே மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். எந்தக் குவியல் அவர்களுக்கு என்பதைச் சொல்பவர் அதிகாரி. ஒரு குவியலில் நல்லதை ஒதுக்கினால் அதுவே அரசுக்குப் போய்விடலாம். எனவே மூன்றும் சமமாகவே விழுந்தன. தணிக்கை இல்லை, சாப்ட்வேர் இல்லை, சண்டையும் குறைவு. நம் மேசையிலோ பிரிப்பவரும் பொது மேலாளர், எடுப்பவரும் பொது மேலாளர்.

தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. முறை மட்டும் கைவசம் இருக்கிறது. இதைப் படிக்கும் மேலாளர்கள் வரும் திங்கட்கிழமை தட்டை டீ கொண்டுவரும் தம்பியிடம் கொடுத்து மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்; அதில் ஒரு பங்கு அவருக்கு. எது என்று நீங்களே கை காட்டுங்கள். அந்த வேலையை மட்டும் ஒருங்கிணைப்பாளரிடம் விட்டுவிடாதீர்கள்.