தொட்டிக்கு வந்த ஆதிமரம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள்: எங்கே நிற்கிறதென்றே தெரியாத மரத்தைப் பார்க்க, தயிர்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பிப் போன கூட்டம் நாங்கள்.

1994 செப்டம்பரில் டேவிட் நோபிள் என்ற தேசியப் பூங்கா ஊழியர், சிட்னிக்கு வடமேற்கே வொல்லமைக் காட்டின் பாறை இடுக்கொன்றில் கயிறு கட்டி இறங்கியவர், தனக்குப் பெயர் தெரியாத மரத்தின் கிளையொன்றை எடுத்துவந்தார். அதன் உறவுக்காரர்கள் 9 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்களில் கிடக்கிறார்கள் என்று தாவரவியலார் சொன்னதும், டிசம்பரில் பத்திரிகைகள் டைனோசார் காலத்து மரம் என்று கொண்டாடின. வளர்ந்த மரங்கள் நூறுகூட இல்லையாம், இடம் ரகசியமாம். ரகசியம் என்று சொன்னால் சும்மா இருக்கிற வயதா அது?

நண்பரின் பழைய ஹோல்டன் வண்டியில், தெருப்படப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் தீர்ந்துபோன பிறகும் லித்கோவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தோம். செய்தித்தாள் நறுக்கு என் சட்டைப்பையில் இருந்தது. காலில் ஊரிலிருந்து கொண்டுவந்த தோல் செருப்பு. மனத்தில் 'தமிழ் இளைஞர் கண்டுபிடிப்பு' என்று மறுநாள் தலைப்பே அச்சாகிவிட்டிருந்தது. நண்பர் ஒரு மரத்தைக் காட்டி, "அண்ணே, இதுதான்!" என்று கூவ, என் மனைவி நிமிர்ந்து பார்த்து, "நம்மூர்ச் சவுக்கு மாதிரியில்ல இருக்கு?" என்றாள். ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர்க் காட்டில் எங்கள் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

மரம் கிடைக்காத ஏமாற்றத்தில்தான் ஒரு பழைய ரயில் குகைக்குப் போனோம். நியூன்ஸில் எண்ணெய்ப் பாறை வெட்டிய காலத்தில், 1907-இல் போட்டு 1932-இல் கைவிட்ட பாதை அது. பேட்டரி தீர்ந்துவிடுமே என்று நண்பர் டார்ச்சை அணைத்தார் பாருங்கள், தலைக்கு மேல் ஈரப்பாறை முழுக்க நீலப்புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன, ஒளிரும் புழுக்கள். யாரும் பேசவில்லை, பேச்சுக்குப் பேர்போன நண்பர்கூட. இப்போது ஆளுக்கொரு கைப்பேசி, அதில் அணையாத விளக்கு. சிக்கனம் காட்டிய அந்த இருட்டுக்கு எங்கே போவது?

நாங்கள் தேடிப் போன மரமோ தானே கிளம்பி வந்துவிட்டது. 2005-இல் சிட்னியில் 292 கன்றுகளை ஏலம் விட்டார்கள், பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது. அடுத்த ஆண்டு கடைகளில் விற்பனை. அத்தனை யுகமாக ஒளிந்திருந்தது, பராமரிப்புக் குறிப்போடு தொட்டியில் நிற்கிறது. சில வீடுகளில் கிறிஸ்துமஸ் விளக்குகூடச் சுற்றிக்கொள்கிறது. பெருகினால்தான் பிழைக்கும் என்பது நியாயமே, ஆனாலும் என் சட்டைப்பை நறுக்குக்கு இது கொஞ்சம் அவமானம்தான். அதே 2005-இல் அந்த ரகசிய இடத்தில் வேரழுகல் நோய்க்கிருமியைக் கண்டார்கள். வருவோர் காலடிச் சேற்றில் ஒட்டிக்கொண்டு பரவுகிற வகை. நல்லவேளை, அங்கே மிதித்தது என் செருப்பில்லை. 2019-இல் மூண்ட பெருந்தீ அங்குவரை போனபோது, ஹெலிகாப்டரிலிருந்து ஆட்களை இறக்கி, நீர்த்தெளிப்பான் அமைத்துக் காப்பாற்றினார்கள். வழி தெரிந்தவர்கள் போனால் வேலை நடக்கிறது.

போன ஆண்டு மகள் அந்த மரத்தின் கன்று ஒன்று வாங்கிவந்தாள். முதிர்ந்த மரத்தின் பட்டை, கொதிக்கும் வெல்லப்பாகு அப்படியே உறைந்ததுபோல் குமிழ்குமிழாக இருக்கும். எங்கள் கன்றுக்கு அந்த வயது வர நான் இருக்கமாட்டேன். குளிர்காலத்தில் குருத்துகளுக்குத் தானே வெள்ளை மெழுகுத் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே நிற்கிறது. பக்கத்திலிருந்த கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் மனைவி பிளாஸ்டிக் தாள் சுற்றி உள்ளே தூக்கிவருகிறாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் டைனோசாரிலிருந்து ஆரம்பித்து முழுக்கதையும் சொல்கிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கறிவேப்பிலையில் ஒரு பக்கக்கன்று கிடைக்குமா என்று மனைவியிடம் விசாரிக்கிறார்கள்.